ஏணி என்று சொல்லிவிட்டேன்

என் சிற்பங்களைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே ஒரு பதில்தான் வைத்திருந்தேன். "நீங்கள் என்ன பார்க்கிறீர்களோ, அதுதான்." சொல்லிவிட்டுக் கண்ணை லேசாக மூடிக்கொள்ள வேண்டும். தாடி இருந்தால் இன்னும் நல்லது. சென்னையிலும் பெங்களூரிலும் இந்த ஒற்றைப் பதிலை வைத்தே பல வருஷம் சோறு சாப்பிட்டிருக்கிறேன். கேட்டவர் தலையாட்டுவார். பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார். அவரும் தலையாட்டுவார். ஏசி ஹாலில் நின்றுகொண்டு புரியவில்லை என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாம்பாரில் உப்பில்லை என்று சொல்வதைவிட அது பெரிய குற்றம்.

நான் செய்வதற்குப் பெயர் கலப்பு ஊடக அரூபச் சிற்பம். பயப்பட வேண்டாம். வீட்டில் வேண்டாம் என்று தூக்கிப்போட்ட இரும்பு, மரம், துணி, கயிறு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, எதுவாகவும் தெரியாதபடி நிறுத்தி, மேலே விளக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். போளூரில் உரக்கடை வைத்திருந்த என் அப்பா கடைசிவரை இதை ஒரு தொழிலாக ஒத்துக்கொள்ளவே இல்லை. "பழைய இரும்புக் கடைக்காரனும் இதையேதான் பண்றான். அவன் அத்தோட நிறுத்திக்கிறான், உனக்கு நிறுத்தத் தெரியல" என்பார்.

போளூரில் வெல்டிங் சத்தத்துக்கு அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்ததால் மலைக்கு ஏறினேன். புதூர்நாட்டில் ஒரு பழைய புளிக்கிடங்கு வாடகைக்குக் கிடைத்தது. ஓட்டுக்கூரை, உள்ளே பாதி உயரத்தில் மூட்டை அடுக்கப் பரண், சுவரெல்லாம் புளி வாசனை. பேட்டி எடுக்க வந்தவர்களிடம் "இயற்கை என்னை அழைத்தது" என்று சொன்னேன். அழைத்தது வாடகைதான்.

மலையில் என் பதில் ஒரு நாள்கூடச் செல்லுபடியாகவில்லை. முதல் வாரமே ஜீப் ஓட்டுகிறவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். நான் அப்போது செய்து முடித்திருந்ததைச் சுற்றி வந்தார். "இது ஜீப்புக்கு அடியில போடற பட்டை. இது பால் கேன் மூடி. இது ஆட்டுக் கயிறு. சரி, எல்லாம் சேந்து இது இன்னாங்க?"

"நீங்க இன்னா பாக்கறீங்களோ அதுதான்" என்றேன், கண்ணை மூடிக்கொண்டு.

"நான் ஜீப்பு பட்டையத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கு அவர் ஜீப்பில் முன்சீட்டு கிடைக்கவே இல்லை. பின்னால் பலாப்பழங்களோடுதான் உட்கார்ந்து வந்தேன்.

அந்த ஊரிலேயே "இது என்ன" என்று கேட்காதவர் ஒருவர்தான். பக்கத்து வீட்டுப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம். சொந்தமாகக் கொஞ்சம் சாமை நிலம், வீட்டுக்குப் பின்னால் புளியமரங்கள். அவள் புருஷன் மேஸ்திரி ஒருவனோடு காபித் தோட்ட வேலைக்கென்று மலையிறங்கிப் போனவன். முதலில் போன் வந்துகொண்டிருந்தது. பிறகு போன் எடுக்கவில்லை. பிறகு சுவிட்ச் ஆஃப். மேஸ்திரியைக் கேட்டால், "தோட்டத்தை விட்டு எப்பவோ கிளம்பிட்டானே" என்றானாம். கீழே போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார்கள். உயிரோடு இருக்கிறான் என்றும் சேதி இல்லை, இல்லை என்றும் சேதி இல்லை. வருஷக்கணக்கில் இப்படியே ஓடிவிட்டது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த மாதிரி எனக்கும் இதெல்லாம் தெரியும். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

அவள் அடிக்கடி வருவாள். மோர் கொண்டுவந்து வைப்பாள். வேலையைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் கேட்டாள்.

"இதுல எது எதுன்னு வெளியாளுக்குத் தெரியுமாங்க?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தெரியாது! அதாம்மா இதோட அழகே. ஒவ்வொரு பொருளும் தன் பழைய அடையாளத்தைத் தொலைச்சுட்டு, புதுசா ஒண்ணோட ஒண்ணு..." என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் பேசினேன். அவள் ஒவ்வொன்றுக்கும் "உம், உம்" என்று தலையை ஆட்டினாள். இந்த மலையிலேயே ரசனை உள்ள ஒரே மனுஷி இவள்தான் என்று அன்று முடிவு கட்டினேன். என் முடிவுகளெல்லாம் இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

மறுநாள் அவள் ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்து இறக்கினாள். உள்ளே ஊதாக் கோடு போட்ட ஒரு சட்டை. பர்ஸ் வைத்துத் தைத்த பச்சை பெல்ட். மரப்பிடி போட்ட கொடுவாள். தோளில் ஒரு மூங்கிலும் சுமந்து வந்திருந்தாள். பக்கக்கிளைகளை அடியோடு சீவாமல் ஒரு சாண் நீளம் விட்டு வெட்டிய மூங்கில். கணுவுக்குக் கணு நிற்கும் அந்தக் கிளைத்துண்டுகளில் கால் வைத்துத்தான் மலையில் மரம் ஏறுவார்கள்; அதுதான் ஏணி. எல்லாம் புருஷனுடையவை என்று அவள் சொல்லாமலே தெரிந்தது.

"வூட்ல சும்மா கெடக்குது. உங்களுக்கு ஆவுங்களா?"

"ஆவுமாவா! தாராளமா ஆவும்."

"நல்லா கலந்துடுங்க. தனியா தெரியக் கூடாது."

இதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. நான் பார்த்த கண்காட்சிப் பொறுப்பாளர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு வாக்கியம் வராது.

அன்றிலிருந்து மும்முரமாக இறங்கினேன். மூங்கிலை நடுவில் நிறுத்தினேன். அதன் இரண்டு பக்கமும் ஜீப் பட்டைகளை வளைத்து, ஒன்றோடொன்று பற்றவைத்தேன். நடுவில் பச்சை பெல்ட்டால் இறுக்கிக் கட்டினேன். புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, சட்டையை அதில் முக்கி, கீழிருந்து மூன்றாவது கணுவில் மொத்தமாகச் சுற்றிக் காயவைத்தேன். துணி மரம் மாதிரி இறுகிவிட்டது. கொடுவாளின் பிடி மேலே நீட்டிக்கொண்டிருந்தது. ஆள் உயரத்துக்கும் மேல். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் நான் செய்தவற்றில் உருப்படியானது அதுதான். முன்பக்கம் பார்த்தால் ஒன்று, பின்பக்கம் பார்த்தால் இன்னொன்று. எதுவென்று எனக்கே தெரியவில்லை. தெரியாத வரைக்கும் நல்லது என்று விட்டுவிட்டேன்.

சென்னையில் என் கண்காட்சிக்கு நாள் குறித்திருந்தார்கள். பொறுப்பாளர் அம்மா நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "இன்மையின் உடல்! சார், தலைப்பு அப்படியே எழுந்து வருது" என்றார். தலைப்பு வேண்டாம் என்றேன். "தலைப்பின்மை! இன்னும் பிரமாதம்" என்றார். அந்த அம்மாவிடம் எதைச் சொன்னாலும் தப்பாகாது. அடுத்த வாரம் பிக்கப் வண்டி அனுப்புவதாகச் சொன்னார்.

வண்டிக்காக ஆள் பிடித்துத் தூக்கி ஏற்ற வேண்டுமே என்றுதான் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கொழுந்தனைக் கூப்பிட்டேன். காணாமல் போனவனுக்கு ஒரே தம்பி. கல்யாணத்துக்குப் பெண் பார்த்து, பேச்சு அப்படியே நின்றுபோய்க் கிடந்தவன். உள்ளே வந்தான். "எத்தத் தூக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தான். அப்படியே நின்றுவிட்டான்.

கிட்டே போனான். பச்சை பெல்ட்டில் பீடி சுட்டு ஓட்டையான இடம் ஒன்று இருந்தது. அதில் விரலை வைத்தான். சட்டைக் கோட்டைத் தடவினான். அண்ணாந்து கொடுவாள் பிடியைப் பார்த்தான்.

"அண்ணி ஒத்துக்கினாங்களா சார்?"

"ஒத்துக்காம? அவங்களாதான் கொடுத்தாங்க."

அவன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். என் சிற்பத்தின் முன்னால் ஒரு மனிதன் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. கொட்டாவி விட்டுப் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஒரு ரசிகன் கிடைத்துவிட்டான் என்று மனம் நெகிழ்ந்து, அவன் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தேன். அவன் சிற்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே போனான்.

அடுத்த நாள் காலையில் அந்தப் பெண் வந்தாள். மோர்ச் சொம்பு இல்லை.

"அவன்கிட்ட இன்னா சொன்னீங்க?"

"யார்கிட்ட?"

"என் கொழுந்தன்கிட்ட. நான் ஒத்துக்கினேன்னு சொன்னீங்களாமே? எத்தைங்க ஒத்துக்கினேன்? ஊரே கூடி நாள் குறிச்சுட்டு கீறாங்க."

அப்போதுதான் விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. உடம்பு கிடைக்காமல் போனவருக்கு அந்த ஊரில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சாமை அறுத்த தாளில், அதாவது வைக்கோலில், ஆள் மாதிரி கட்டி, அவர் புழங்கிய சாமான்களை அதன் மேல் வைத்துக் கட்டி, புதுத்துணி போர்த்தித் தூக்கிப்போய்ப் புதைத்துவிடுவார்கள். அதோடு ஆள் போனான் என்று கணக்கு. புழங்கிய சாமான் ஒன்றாவது வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் தாள்தான். கணவன் வீட்டார் ரொம்ப நாளாக அவளிடம் அந்தச் சாமான்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. "மூத்தவரு கீறாரா, இல்லையா?" என்று பெண் வீட்டார் கேட்டால் தம்பிக்காரன் என்ன பதில் சொல்வான்? இரண்டில் ஒன்று முடிவாகாமல் அந்த வீட்டில் பந்தக்கால் நடக் கூடாதாம். ஆனால் தாளைப் புதைத்த அன்றைக்கே இவள் தாலியைக் கழற்றிக் கொடுத்தாக வேண்டும். அதனால் இவள் சாமான்களைக் கொடுக்கவில்லை.

"வூட்ல எங்க ஒளிச்சாலும் தேடி எடுத்துடுவாங்க. நெருப்புல போட எனக்குக் கை வரல. உங்க வேலையில கலந்துட்டா ஒருத்தனுக்கும் அடையாளம் தெரியாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அடிப்பாவி. ரசனை என்று நான் புல்லரித்ததெல்லாம் ஒளித்து வைக்க இடம் பார்த்ததுதானா? கால் மணி நேரம் நான் பேசிய தத்துவத்தை அவள் ஒரு பூட்டின் தரம் விசாரிப்பது மாதிரி விசாரித்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கொழுந்தன் என் வேலையைப் பார்த்துப் புரிந்துகொண்டது இதுதான்: அண்ணி மனசு மாறிவிட்டாள், தாளில் கட்ட வேண்டாம் என்று கீழேயிருந்து வந்த சிலைக்காரனிடம் சொல்லி இரும்பிலும் மூங்கிலிலும் ஆளையே செய்ய வைத்துவிட்டாள். நான் வேறு "அவங்களாதான் கொடுத்தாங்க" என்று முத்திரை குத்திவிட்டேன். மறுநாள் வந்து தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

"பிக்கப்பை இன்னைக்கே வரச் சொல்லிடறேன். சென்னைக்குப் போய்ட்டா யாரும் தொட முடியாது" என்றேன்.

"நல்லா கீது. ஆளை ஊர் தாண்டி அனுப்பிட்டான்னு உங்களை வுட்டுடுவாங்களா? இல்ல, என்னைத்தான் சும்மா வுடுவாங்களா? அதெல்லாம் வேணாம். நாளைக்கு எல்லாரும் வருவாங்க. இது ஆளு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவ்ளோதான்."

நான் வாயைத் திறந்தேன். இவ்வளவு வருஷப் பழக்கம், லேசில் போகுமா? "அதும்மா... கலையில அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது."

"அப்ப ஆளா?"

"ஆள்னும் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தினி வருஷமா நான் அதுலதாங்க குடும்பம் நடத்தினு கீறேன். நீங்க ஏன் அதையே பெருமையா பேசறீங்க?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "வந்தா வரட்டும். வராங்காட்டி போவட்டும். அது அவர் பாடு. நான் எதுக்குங்க என் கையால முடிச்சு வெக்கணும்?"

அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சோறும் இறங்கவில்லை. என் தொழிலே எதையும் முடிவாகச் சொல்லாமல் இருப்பது. அவளோ தன் வாழ்க்கையை யாரும் முடிவாகச் சொல்லிவிடக் கூடாது என்று நிற்கிறாள். அவளுடையது அப்படியே இருக்க வேண்டுமென்றால் என்னுடையதை நான் அடித்துச் சொல்ல வேண்டும். இதை யாரிடம் போய்ப் புலம்ப? பொறுப்பாளர் அம்மாவிடம் சொன்னால் "முரணின் அழகு" என்பார்.

மறுநாள் வெயில் ஏறும்போது வந்தார்கள். முன்னால் ஊர்ப் பெரியவர். பின்னால் கொழுந்தன், கையில் மடிப்புக் கலையாத வெள்ளைத் துணி. அவனுக்குப் பின்னால் உறவுக்காரர்கள் ஒரு கூட்டம். கிடங்கு வாசலில் எல்லாரும் நின்று, சிற்பத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இத்தனை ரசிகர்கள் ஒருமனதாக ஒரே பொருளைக் கண்ட கண்காட்சி என் அனுபவத்தில் அது ஒன்றுதான். அந்தப் பெண் பரணுக்குக் கீழே சுவரோரமாக நின்றாள். முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

பெரியவர் நிதானமானவர். நேரே என்னிடம் வந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. தூக்கறதுக்கு முன்ன கேட்டுக்கணும் இல்ல? செஞ்சது நீங்க. இது இன்னாங்க?"

நாக்கு நுனியில் அந்தப் பழைய பதில் வந்து நின்றது. நீங்கள் என்ன பார்க்கிறீர்களோ. அதைச் சொல்லியிருந்தால் ஐந்தே நிமிஷத்தில் வெள்ளைத் துணியைப் போர்த்தித் தூக்கியிருப்பார்கள். சுவரோரம் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏணி" என்றேன்.

கொழுந்தன்தான் முதலில் தலை நிமிர்ந்தான். "ஏணியா? இன்னா சார் சொல்றீங்க? எங்க அண்ணன் சட்டை சார் இது!"

"சட்டைதான். கால் வழுக்காம இருக்கச் சுத்தியிருக்கு."

"பெல்ட்டு?"

"கட்டு அவுறாம இருக்க."

"மேல கொடுவாள் பிடி எதுக்கு?"

"ஏறினவன் கையில புடிச்சுக்க."

"ஜீப்பு பட்டை?" இது கூட்டத்தின் பின்னாலிருந்து வந்தது. ஜீப் ஓட்டுகிறவரும் வந்திருந்தார். அவர் வராமல் இருப்பாரா?

"ஆடாம நிக்க" என்றேன்.

கலை விமர்சனம் என்று நான் செய்தது அது ஒன்றுதான். ஒரு பாகத்தைக்கூட விடாமல், சந்தேகத்துக்கே இடமில்லாமல், முழுமையாக விளக்கிவிட்டேன். முதுகில் வியர்வை வழிந்து வேட்டி நனைந்தது.

பெரியவர் சிற்பத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மூங்கில் கணுக்களை அண்ணாந்து பார்த்தார். "ஏணின்னா ஏறிக் காட்டுங்க" என்றார்.

இப்படி ஒரு கோரிக்கை எந்தக் கண்காட்சியிலும் வந்ததில்லை. எனக்கோ கனத்த உடம்பு. அந்தப் பட்டைகளை நான் பற்றவைத்தது அழகுக்காக, பாரம் தாங்குவதற்கு அல்ல. விழுந்தால் இடுப்பு போகும். விழாவிட்டால் சிற்பம் போகும். சுவரோரத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"பரண் மேல என் பலாக்கொட்டை மூட்டை ஒண்ணு கீதுங்க. அத்த எறக்கிக் குடுங்க."

மூட்டை எப்போது மேலே போனது? எனக்குத் தெரியாது. அவளைக் கேட்கும் நிலையிலும் நான் இல்லை. எல்லாரும் கைகொடுத்துச் சிற்பத்தைத் தூக்கிப் பரணில் சாய்த்தார்கள். செருப்பைக் கழற்றப் போனேன். பிறகு ஏணியில் ஏறுகிறவன் எதற்குச் செருப்பைக் கழற்றிப் பவ்யம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. செருப்போடே முதல் கணுவில் கால் வைத்தேன். இரண்டாவது. மூன்றாவதில் சட்டை. அந்த இடத்தில் கால் தயங்கியது. எனக்கு அவனைத் தெரியாது, முகம்கூடப் பார்த்ததில்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மிதித்தேன். பசை இறுகிய துணி செருப்புக்கடியில் நறநறவென்றது. கொடுவாள் பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே போய் மூட்டையைத் தோளில் போட்டு, அந்தச் சட்டை மேலேயே கால் வைத்து இறங்கினேன். ஒரு பட்டையின் பற்று விட்டுக் கோணிக்கொண்டது. சிற்பத்தின் பின்பக்க அழகு அதோடு போயே போய்விட்டது.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏணிதான்" என்றார்.

"பெரியப்பா!" என்றான் கொழுந்தன்.

"கால் வெச்சு மிதிச்ச பொருளை ஆளுன்னு எப்படிடா தூக்கறது? சட்டையும் மிதிபட்டுப் போச்சு. பெல்ட்டும் போச்சு. அதுங்களை வெச்சு இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. வேற சாமானும் இல்ல."

"அப்ப பொண்ணு வூட்டுக்கு நான் இன்னா சொல்றது?"

"உங்கண்ணன் வேலைக்குப் போய்கிறான்னு சொல்லு. பொய்யா அது? போனான் இல்ல?" பெரியவர் சுவரோரம் ஒரு முறை பார்த்தார். "உங்கண்ணி இருந்து பந்தக்கால் நடட்டும். வேற வழியில்ல."

அவன் வெள்ளைத் துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். முந்தாநாள் அழுத கண். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஜீப் ஓட்டுகிறவர் போகிறபோது, "இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா நான் எதுக்கு சார் கேக்கப் போறேன்?" என்றார். அதற்கப்புறம் எனக்கு முன்சீட்டுதான்.

எல்லாரும் போன பிறகு அவள் ஏணியிடம் வந்தாள். சட்டையில் என் செருப்புத் தடம் மண்ணாகப் பதிந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். மண் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"தூக்கினு வர்றீங்களா?" என்றாள்.

"எங்க?"

"எங்க வூட்டுக்கு. ஏணின்னு சொன்னீங்க இல்ல? ஏணி இங்க சும்மா நின்னா நாளைக்கு மறுபடியும் வந்து கேப்பாங்க."

அதுவும் சரிதான். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. என் வாழ்நாளின் உருப்படியான ஒரே சிற்பத்தை நானே தூக்கிக்கொண்டு போய் அவள் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தேன். பாதி வழியில் கோணிய பட்டை என் முட்டியில் இடித்தது. இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கிறது.

சென்னையிலிருந்து பொறுப்பாளர் அம்மா போன் செய்தார். வண்டி எப்போது அனுப்பட்டும் என்றார். "அனுப்ப வேணாம், மேடம். அது ஏணி. வீட்டு உபயோகத்துல இருக்கு" என்றேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "சார்," என்றார் தழுதழுத்த குரலில், "இதைவிட ஆழமா இந்த வருஷம் யாருமே பேசல." கண்காட்சிக்கு நான் போனபோது, ஹாலின் நடுவில் வெள்ளை மேடை ஒன்று காலியாக இருந்தது. அதன் மேல் விளக்கு. கீழே அட்டையில்: "ஏணி. வீட்டு உபயோகத்தில் இருக்கிறது." ஜனங்கள் அதைச் சுற்றி நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றச் சிற்பங்களை ஒருவரும் சீண்டவில்லை. ஒருவர் என்னிடம் வந்து, "இது என்ன சொல்ல வருது?" என்று கேட்டார். "ஏணி" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆயிற்று. அண்ணிதான் பந்தக்காலுக்கு மஞ்சள் பூசினாள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாம்பாரில் உப்பு சரியாகவே இருந்தது. இப்போது அவன் என்னோடு பேசுகிறான், அளவாக.

போன புளி சீசனில் ஒரு நாள் காலை அவள் வீட்டுப் பின்பக்கம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏணி மரத்தில் சாய்ந்திருந்தது. பட்டை துருப்பிடித்து, பெல்ட் வெளுத்து, பார்க்கிறவருக்கு இப்போது அது நிஜமாகவே ஏணிதான். கொழுந்தன் அடியைப் பிடித்துக்கொண்டிருந்தான். புதுப்பெண் கூடையோடு நின்றாள். அண்ணிக்காரி புடவையை வரிந்து கட்டி ஏறினாள். முதல் கணு, இரண்டாவது கணு. அதற்கு மேல் ஒரு காலைத் தூக்கி, மூன்றாவதை விட்டு, எட்டாத நான்காவது கணுவுக்குத் தாவினாள். எட்டவில்லை. கீழே வந்தாள். மறுபடியும் கையால் மேல் கணுவை இழுத்துப் பிடித்து, உடம்பை உந்தித் தாவினாள். ஏணி மொத்தமாக ஆடியது.

"அண்ணி, பாத்து! அந்தக் கணுவுல வெச்சு ஏறுங்க, ஒடியாது" என்றான் கொழுந்தன்.

"வேணாம். அது வழுக்கும்" என்று சொல்லிவிட்டு, அவள் அதைத் தாண்டிக் கால் வைத்து மேலே போனாள்.

வழுக்காமல் இருக்கத்தான் சட்டையைச் சுற்றியிருக்கிறேன் என்று ஊர் கூடிய இடத்தில் சொன்னவன் நான். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கண்ணை லேசாக மூடிக்கொண்டேன்.